விளம்பரதாரர்வழிப் புறக்கணிப்பு: சொல்லும் வரலாறும்

1. முன்னுரை

ஒலிபரப்போ ஒளிபரப்போ அரசியல் சார்புடையதாக இருக்கிறது என்று கருதும் மக்கள் அதனை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று. அரசின் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடுதல் ஒன்று. நீதிமன்றத்தை நாடுதல் மற்றொன்று. நிகழ்ச்சிக்குப் பணம் அளிக்கும் விளம்பரதாரரின் பொருள்களை வாங்க மறுத்தல் மூன்றாவது. இம்மூன்றாம் வழி, வணிக ஒலிபரப்பு முதன்மை பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தெளிவான வடிவம் பெற்று வளர்ந்துள்ளது.

இச்செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'பாய்காட்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் 'பகிஷ்காரம்' என்றும் 'புறக்கணிப்பு' என்றும் பெயர்க்கப்படுகிறது. ஆனால், அச்சொல்லால் சுட்டப்படும் செயல்கள் ஒரே தன்மையன அல்ல. ஒருவர் தம் பணத்தைச் செலவிட மறுப்பதும், ஒரு மனிதரைத் தொழிலிலிருந்தே விலக்கச் செய்வதும், குற்றம் சாட்டப்பட்டவரை விடுத்து அவருக்குப் பணம் தரும் மூன்றாமவரை நெருக்குவதும் வெவ்வேறானவை. இவற்றைப் பிரித்தறியாமல் மொழிபெயர்க்கும்போது வரலாற்றின் மீது அறியாமலேயே ஒரு தீர்ப்பு ஏற்றப்பட்டுவிடுகிறது. விளம்பரதாரர்வழிப் புறக்கணிப்பின் வரலாற்றைச் சில முதன்மை நிகழ்வுகளின் துணைகொண்டு ஆராய்ந்து, அதன்வழித் தமிழ்க் கலைச்சொற்களின் எல்லைகளை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லின் தோற்றமும் பொருள் மாற்றமும்

'பாய்காட்' என்பது ஆட்பெயரடியாகப் பிறந்த சொல். 1880ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட். விளைச்சல் குன்றியமையால் குத்தகைதாரர்கள் வாரக் குறைப்புக் கோரினர். பாய்காட் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முற்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் என்னிஸ் நகரில் உரையாற்றிய சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவரை வன்முறையின்றி முற்றிலும் தனிமைப்படுத்துமாறு மக்களை வேண்டியிருந்தார். அந்த முறையே பாய்காட்டின் மீது கையாளப்பட்டது. வேலையாட்கள் அகன்றனர், கடைக்காரர்கள் பண்டம் தர மறுத்தனர். அறுவடைக்கு அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேர், பெரும் படைக்காவலுடன் வரவழைக்கப்பட நேர்ந்தது. உழவர்களுக்கு எளிதில் விளங்கும் சொல்லாகப் பாய்காட்டின் பெயரையே வினையாக்கலாம் என்று ஜான் ஓமாலி என்னும் பாதிரியார் கூறியதாக அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு முடிவதற்குள் அச்சொல் இலண்டன் நாளிதழ்களில் இடம்பெற்றது. பின்னர்ப் பிரெஞ்சு, செருமன், டச்சு, ருசிய மொழிகளிலும் கலந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதல் 'பாய்காட்' பொருள்களை வாங்க மறுத்த செயலன்று. ஒரு மனிதரைச் சமூக உறவிலிருந்து விலக்கிய செயல். தமிழக ஊர் வழக்கில் இதற்கு நெருங்கியது 'ஊர்விலக்கு' அல்லது 'ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல்' ஆகும். பொருள் மறுப்பு என்னும் பொருண்மை பின்னரே வலுப்பெற்றது. 1905 ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபக் கூட்டத்தில் அந்நியப் பொருள் விலக்கு அறிவிக்கப்பட்டபோது, விலக்கப்பட்டது மனிதரன்று, பண்டம்.

வடமொழிவழிச் சொல்லான 'பகிஷ்காரம்' இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கியது. புறத்தே தள்ளுதல் என்பது அதன் அடிப்பொருள். அம்பேத்கர் 1924இல் நிறுவிய அமைப்பு 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா'. 1927இல் தொடங்கிய இதழ் 'பகிஷ்கிருத பாரத்'. இவ்விடங்களில் அச்சொல் சாதியால் விலக்கப்பட்டோரைச் சுட்டிற்று. அடுத்த ஆண்டே சைமன் குழுவுக்கு எதிராக எழுந்த இயக்கத்தை அதே சொல், அரசியல் உறுதிப்பாட்டின் பெயராகச் சுட்டிற்று. ஆக, ஒரே பத்தாண்டில் ஒரே சொல் இழிவையும் போராட்டத்தையும் குறித்தது. தமிழகத்தில் பின்னர்ப் 'புறக்கணிப்பு' வழக்கூன்றியது. இலங்கைத் தமிழில் 'பகிஷ்கரிப்பு' என்னும் வடிவம் 'பணிப்பகிஷ்கரிப்பு', 'தேர்தல் பகிஷ்கரிப்பு' எனத் தொடர்ந்து வழங்கி வருகிறது.

இவ்விரு பொருண்மைகளும், அதாவது மனிதரை விலக்குதலும் பண்டத்தை மறுத்தலும், ஒலிபரப்பு வரலாற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தமையை அடுத்துக் காணலாம்.

3. வழங்குவோர் முறை

நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். வானொலி நிலையம் 1922 ஆகஸ்டு 28ஆம் நாள் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்காகக் கட்டணம் பெற்று உரை ஒன்றை ஒலிபரப்பியது. இதுவே வானொலி விளம்பரத்தின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1930களில் நிகழ்ச்சியின் உரிமையே விளம்பரதாரரிடம் சென்றது. தமிழ் ஒலிபரப்பில் 'வழங்குவோர்' என அறியப்படும் இவர்கள், அமெரிக்காவில் பெயரளவில் மட்டும் வழங்கியவர்கள் அல்லர். விளம்பர முகவர் நிறுவனங்கள்வழி எழுத்தாளரையும் நடிகரையும் அமர்த்தியவர்களும் அவர்களே. நிலையம் நேரத்தை விற்றது. நிகழ்ச்சியை வணிகர் ஆண்டார்.

இவ்வமைப்பின் விளைவு தெளிவானது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே வழங்குவோர் இருந்தமையால், நேயரின் சினம் சென்றடையும் இடமும் ஒன்றாகவே இருந்தது. இதற்கு மறுதலையான சான்று கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காஃப்லின். 1930களின் பிற்பகுதியில் யூத வெறுப்பைப் பரப்பிய அவருடைய வானொலி உரைகளுக்கு விளம்பரதாரர் இல்லை. நேயர்களின் நன்கொடையைக் கொண்டு நிலையங்களில் நேரத்தை விலைக்கு வாங்கி அவர் பேசினார். எனவே, எந்தக் கடைப்பொருளையும் மறுத்து அவரைத் தடுக்க இயலாதிருந்தது. சர்ச்சைக்குரிய பொருள்களுக்கு நேரம் விற்பதைக் கட்டுப்படுத்தி ஒலிபரப்பாளர் சங்கம் 1939இல் வகுத்த நெறிமுறையே அவரது ஒலிபரப்பு 1940இல் நின்றுபோனதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று. விளம்பரதாரர்வழி நெருக்குதல் என்பது நேயரின் மன உறுதியை மட்டும் சார்ந்ததன்று. பணம் வரும் வழியைச் சார்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

4. கறுப்புப் பட்டியல்

இந்நெருக்குதலை முதன்முதலில் முறைப்படுத்திப் பயன்படுத்தியவர்கள் 1950களின் பொதுவுடைமை எதிர்ப்பாளர்கள் எனலாம். 1950 ஜூன் மாதம் 'ரெட் சேனல்ஸ்' என்னும் நூல் வெளிவந்தது. கூட்டரசுப் புலனாய்வுத் துறையில் முன்னர்ப் பணியாற்றியோர் நடத்திய 'கவுண்ட்டர் அட்டாக்' இதழின் வெளியீடு அது. வானொலி, தொலைக்காட்சித் துறையினர் 151 பேரின் பெயர்களும், அவர்கள் தொடர்பு கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அமைப்புகளும் அதில் அடுக்கப்பட்டிருந்தன. குற்றச்சாட்டு நேரடியாகக் கூறப்படவில்லை; பட்டியலே குற்றச்சாட்டாக நின்றது.

இரண்டு மாதங்களில் அதன் விளைவு தெரிந்தது. 'தி ஆல்டிரிச் ஃபேமிலி' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடிக்கவிருந்த ஜீன் மியூரின் பெயர் அப்பட்டியலில் இருந்தது. வழங்குவோரான ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்துக்குச் சில தொலைபேசி அழைப்புகளும் தந்திகளும் வந்தன. நிறுவனம் அவரை நீக்கியது. அவர் குற்றம் செய்தார் என்று நிறுவனம் கூறவில்லை. அவர் 'சர்ச்சைக்குரியவர்' என்றே கூறியது. மொழியியல் நோக்கில் இது முதன்மையானது. 'சர்ச்சைக்குரியவர்' என்னும் பெயரடை உண்மையையும் பொய்யையும் வேறுபடுத்துவதில்லை. எவரேனும் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்த அளவிலேயே அது மெய்யாகிவிடும். 'தி கோல்ட்பெர்க்ஸ்' தொடரின் நடிகர் பிலிப் லோபும் இவ்வாறே வேலையிழந்தார். 1955இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பேரங்காடிகள் நடத்திய லாரன்ஸ் ஜான்சன் இம்முறையை மேலும் கூர்மையாக்கினார். ஒரு பற்பசை நிறுவனம் வழங்கிய நிகழ்ச்சியில் பட்டியலில் கண்டோர் இடம்பெற்றால், அப்பற்பசைக்கு அருகே வினாத்தாள் வைக்கப்படும்; பொதுவுடைமையாளருக்கு வேலை தரும் நிறுவனத்தின் பொருளை வாங்க விரும்புகிறீர்களா என்று வாடிக்கையாளரிடம் கேட்கப்படும் என நிறுவனங்களுக்கு அவர் எழுதினார். வாடிக்கையாளர் எவரும் பொருளை மறுக்கும் முன்னரே, மறுப்பார்கள் என்னும் அச்சம் வேலை செய்தது. இங்கு மறுத்தவர் நுகர்வோர் அல்லர். நுகர்வோரின் பெயரால் பேசிய ஒருவர்.

இம்முறைக்கு நீதிமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. வேலையிழந்த வானொலிக் கலைஞர் ஜான் ஹென்றி ஃபாக், 'அவேர்' என்னும் அமைப்பு, வின்சென்ட் ஹார்ட்னெட், ஜான்சன் ஆகியோர் மீது தொடுத்த அவதூறு வழக்கில் 1962 ஜூன் மாதம் நடுவர் குழு 35 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில் அத்தொகை 5,50,000 டாலராகக் குறைக்கப்பட்டது. தீர்ப்புக்குச் சற்று முன்னர் ஜான்சன் இறந்துவிட்டார்.

இந்நிகழ்வுகளைத் தமிழில் 'புறக்கணிப்பு' என்று மட்டும் எழுதினால் பொருள் திரிபடையும். கருவி பண்டமறுப்பு, விளைவு ஊர்விலக்கு. இவ்விரண்டும் இணைந்த இடமே கறுப்புப் பட்டியல்.

5. நடுநிலைக் கோட்பாடும் அதன் நீக்கமும்

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்திருந்தது. கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 1949இல் 'நடுநிலைக் கோட்பாடு' ஒன்றை வகுத்தது. பொதுச் சிக்கல்களை நிலையங்கள் எடுத்துரைக்க வேண்டும். மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1969இல் உச்ச நீதிமன்றம் ரெட் லயன் வழக்கில் அதனை ஏற்றது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இயங்கிய டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி நிலையம் கறுப்பின மக்களின் உரிமைக் குரலை மறைத்தது என்னும் முறையீட்டில், ஒளிபரப்பைக் காணும் பொதுமக்களுக்கும் உரிமம் குறித்து வாதிடும் தகுதி உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. அந்நிலையத்தின் உரிமம் செல்லாது என 1969இல் ஆயிற்று. இங்குப் போராட்டத்தின் இலக்கு விளம்பரதாரர் அல்லர், உரிமமே.

1980களில் நிலைமை மாறியது. மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் நகரில் 1966இல் கறுப்பின மக்கள் வெள்ளை வணிகர்களின் கடைகளைப் புறக்கணித்தது தொடர்பான கிளெய்போர்ன் ஹார்டுவேர் வழக்கில், அரசியல் நோக்குடைய வன்முறையற்ற புறக்கணிப்பு கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழிற்சங்கங்களின் இரண்டாம்நிலைப் புறக்கணிப்பை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடுத்திருந்தது. குடிமக்களின் அரசியல் புறக்கணிப்போ காக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில், 1987 ஆகஸ்டில், ஆணையம் நடுநிலைக் கோட்பாட்டைக் கைவிட்டது. மறுஆண்டு ரஷ் லிம்பாவின் அரசியல் உரை நிகழ்ச்சி நாடு தழுவிய ஒலிபரப்பாயிற்று.

இவ்விரு மாற்றங்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஆணையத்தின் வாயில் குறுகியது. சந்தையின் வாயில் சட்டக் காவலுடன் திறந்து நின்றது. ஒலிபரப்பின் சார்பைக் குறித்த முறையீடுகள் விளம்பரதாரரை நோக்கித் திரும்பியமைக்கு இது ஓர் அமைப்புசார் காரணமாகும்.

6. சின்கிளேர் நிகழ்வு, 2004

இருதரப்பாரும் இக்கருவியைக் கையாண்டமைக்கு 2003, 2004ஆம் ஆண்டுகள் அடுத்தடுத்துச் சான்று தருகின்றன. முன்னாள் குடியரசுத் தலைவர் ரீகனைப் பற்றிய 'தி ரீகன்ஸ்' தொடரைச் சி.பி.எஸ். ஒளிபரப்பவிருந்தபோது, அது அவரைத் திரித்துக் காட்டுவதாகப் பழமைவாதிகள் எதிர்த்தனர்; விளம்பரதாரரைப் புறக்கணிக்கும் அறைகூவல்களும் எழுந்தன. 2003 நவம்பரில் சி.பி.எஸ். அதனைக் கைவிட்டுக் கட்டண அலைவரிசையான ஷோடைமுக்கு மாற்றியது. நெருக்குதலுக்குப் பணியவில்லை என்றும் அது அறிவித்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருக்கையில், மேரிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சின்கிளேர் ஒலிபரப்புக் குழுமம் தன் 62 நிலையங்களிலும் 'ஸ்டோலன் ஆனர்' என்னும் ஆவணப்படத்தை ஒளிபரப்பத் திட்டமிட்டிருப்பது வெளியாயிற்று. சனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி 1971இல் வியட்நாம் போரை எதிர்த்து மூதவையில் அளித்த சாட்சியத்தை முன்னாள் போர்க் கைதிகள் சாடும் படம் அது. ஒளிபரப்புக்கு முன்னரே தடுக்க இயலாது என்று ஆணையத் தலைவர் மைக்கேல் பவல் தெரிவித்தார். ஆணையத்தின் வாயில் அடைபட்டமை இதனால் உறுதியாயிற்று.

எதிர்ப்பாளர்கள் அந்நிலையங்களைக் கண்காணித்து விளம்பரதாரர் பட்டியல்களைத் தொகுத்தனர். உள்ளூர் நிலையத்தின் வருவாய் உணவகம், கார் விற்பனையகம் போன்ற உள்ளூர் வணிகர்களைப் பெரிதும் சார்ந்தது. அவ்வணிகர் தம் வாடிக்கையாளரை நாள்தோறும் நேரில் காண்பவர். எனவே, சிலர் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டனர். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. பங்குதாரர் வழக்குத் தொடுப்பர் என்னும் எச்சரிக்கையும் எழுந்தது. திட்டத்தை வெளிப்படையாகக் கண்டித்த வாஷிங்டன் செய்திப்பிரிவுத் தலைவரை நிறுவனம் பணிநீக்கம் செய்தது. முடிவில், முழுப்படம் ஒளிபரப்பப்படவில்லை. அக்டோபர் 22ஆம் நாள், அப்படத்தின் பகுதிகளோடு மாற்றுக் கருத்துகளையும் உள்ளடக்கிய ஒரு மணிநேர நிகழ்ச்சி 40 நிலையங்களில் இடம்பெற்றது.

இவ்விளைவை விளம்பரதாரர் நெருக்குதல் ஒன்றற்கே உரியதாக்குதல் பொருந்தாது. பங்குச் சந்தை, சட்ட அச்சம், அரசியல்வாதிகளின் கண்டனம் ஆகியவையும் உடனிருந்தன. ஆயினும், ஒருதரப்பு நிகழ்ச்சி நீக்கப்படுவதற்கு மாறாக இருதரப்பு நிகழ்ச்சியாக மாறியது என்பதில் இந்நிகழ்வு மியூர் நிகழ்விலிருந்து வேறுபடுகிறது. அங்கு இலக்கு ஒரு நடிகையின் பிழைப்பு. இங்கு இலக்கு ஒரு நிறுவனத்தின் ஒளிபரப்பு முடிவு.

7. பிற்கால நிகழ்வுகளும் இந்திய நிலையும்

2009இல் ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் கிளென் பெக், ஒபாமாவை இனவெறுப்பாளர் எனக் கூறியதையடுத்து, 'கலர் ஆஃப் சேஞ்ச்' அமைப்பின் முயற்சியால் பல நிறுவனங்கள் அவர் நிகழ்ச்சியிலிருந்து விளம்பரத்தை விலக்கின. ஆனால், அவ்விளம்பரங்கள் அதே அலைவரிசையின் வேறு நேரங்களுக்கு மாறின. பெக்கின் நிகழ்ச்சி 2011 ஜூன் வரை நீடித்தது. கம்பிவடத் தொலைக்காட்சிக்கு விளம்பரத்தோடு சந்தாப் பங்கும் வருவாய் ஆதலால் நெம்புகோலின் வலிமை குன்றியது. 2012இல் ஒரு சட்ட மாணவியை இழித்துப் பேசிய லிம்பாவும் பல விளம்பரதாரரை இழந்தார். எனினும், 2021இல் இறக்கும்வரை அவர் ஒலிபரப்பிலிருந்து மறையவில்லை.

இந்தியாவில் 2020 அக்டோபரில் நிகழ்ந்தவை இக்கருவியின் இருமுனையையும் ஒரே வாரத்தில் காட்டின. வெறுப்பைப் பரப்பும் அலைவரிசைகளில் விளம்பரம் செய்வதில்லை என்று பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ் அறிவித்தார்; பார்லே நிறுவனத்தாரும் அதனையொத்த நிலைப்பாட்டைத் தெரிவித்தனர். சில நாள்களில், இசுலாமியக் குடும்பம் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாகக் காட்டிய தனிஷ்க் நகை விளம்பரம், புறக்கணிப்பு அறைகூவலால் திரும்பப் பெறப்பட்டது. முன்னதில் விளம்பரதாரர் அலைவரிசையை நெருக்கினார். பின்னதில் விளம்பரதாரரே நெருக்கப்பட்டார்.

2023 செப்டம்பரில் எதிர்க்கட்சிக் கூட்டணியான 'இந்தியா', 14 தொலைக்காட்சித் தொகுப்பாளர்களின் நிகழ்ச்சிகளுக்குப் பேச்சாளர்களை அனுப்புவதில்லை என முடிவு செய்தது. இதழ்கள் இதனைப் 'புறக்கணிப்பு' என்றன. ஆளுங்கட்சியினர் நெருக்கடிநிலையை நினைவூட்டினர். காங்கிரசுத் தரப்போ இது தடையன்று, புறக்கணிப்பன்று, கறுப்புப் பட்டியலுமன்று, 'ஒத்துழையாமை' என விளக்கியது. பெயரிடுதலே வழக்காடுதலாக அமைந்தமைக்கு இது தக்க சான்று.

8. கலைச்சொல் வரையறையும் முடிவும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செயல்களை வேறுபடுத்தலாம். தாம் வாங்கும் பொருளை ஒருவர் தாமே மறுப்பது 'நுகர்வு மறுப்பு'. ஒரு மனிதரைத் தொழிலிலிருந்தும் உறவிலிருந்தும் நீக்கச் செய்வது 'விலக்கு'. இதற்கு ஊர்விலக்கு என்னும் பழஞ்சொல்லின் நினைவு துணைநிற்கும். பணம் தரும் மூன்றாமவரை நெருக்கி ஒலிபரப்பாளரின் முடிவை மாற்ற முயல்வது 'விளம்பரதாரர்வழி நெருக்குதல்'. 'புறக்கணிப்பு' என்பதை இம்மூன்றுக்கும் பொதுப்பெயராகக் கொள்ளலாம். மூலத்தில் 'பாய்காட்' என ஒரே சொல் நின்றாலும், யார் எதை மறுக்கிறார், யார் இழக்கிறார் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மொழிபெயர்ப்பாளர் சிறப்புப்பெயரைத் தெரிவு செய்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஆதரிப்போர் இச்செயலை 'நுகர்வோர் உரிமை' என்பர்; எதிர்ப்போர் 'தணிக்கை' என்பர். 1950இல் முதற்பெயரைக் கொண்டாடிய தரப்பார் 2009இல் இரண்டாம் பெயரால் முறையிட்டனர். மறுதரப்பாரும் அவ்வாறே இடம் மாறினர். ஒரு தரப்பின் சொல்லைப் பொதுச்சொல்லாக ஏற்கும் மொழிபெயர்ப்பு அத்தரப்பின் அறிக்கையாகிவிடும்.

விளம்பரதாரர் அஞ்சுவது சார்பை அன்று, சர்ச்சையை. ஆதலால், இந்நெருக்குதல் ஒரு குரலை நீக்க வல்லது. நீங்கிய குரலின் இடத்தில் மற்றொரு குரலை வைக்கத் தானாக வல்லதன்று. சின்கிளேர் நிகழ்வில் அவ்வாறு நேர்ந்தது எனின், அதற்கு வேறு ஆற்றல்களும் துணைநின்றன. நடுநிலைக் கோட்பாடு மாற்றுக் குரலுக்கு இடமளிக்குமாறு பணித்தது. சந்தை அவ்வாறு பணிப்பதில்லை. ஒலிபரப்பின் சார்பைக் களைவதற்கு விளம்பரதாரர்வழி நெருக்குதலை மட்டும் நம்பும் சமூகம் எதிர்கொள்ளும் இழப்பு இதுவே என்பது வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.